எஃப்சி முடிந்த டாக்ஸி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணம் வருமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணனின் டிசையர் கார் மஞ்சள் போர்டு வண்டி, அதாவது டாக்ஸி. எஃப்சி, அதாவது தகுதிச் சான்று, காலாவதியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகிற வழியில் முன்னால் வண்டிகள் வேகம் குறைய, இவரும் பிரேக் பிடித்திருக்கிறார். பின்னால் வந்த லாரி மோதிய வேகத்தில் கார் முன்னே தள்ளப்பட்டு ஒரு பைக்கில் இடித்துவிட்டது. பைக்கில் வந்தவருக்குக் கால் எலும்பு முறிவு. ஃபுல் கவர் பாலிசி நடப்பில் இருக்கிறது. பர்மிட், டிரைவிங் லைசென்ஸ், வரி எல்லாம் சரியாக இருக்கின்றன. ஏஜென்ட் "ஒரு பைசா வராது" என்கிறார். ஒர்க்‌ஷாப்காரர் "எஃப்சிக்கும் இன்சூரன்ஸுக்கும் சம்பந்தமே இல்லை" என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பாதீர்கள். ஒரே கேள்வி மாதிரி தெரிந்தாலும் இதில் மூன்று கணக்கு இருக்கிறது. உங்கள் கார் சேதத்துக்கு உங்கள் கம்பெனி தருமா என்பது ஒன்று. அதே சேதத்தை லாரியின் இன்சூரன்ஸிடம் வாங்க முடியுமா என்பது இரண்டு. பைக்காரர் கேட்கப்போகும் நஷ்டஈடு யார் தலையில் விழும் என்பது மூன்று. எஃப்சி இல்லாதது மூன்றிலும் ஒரே அளவு பாதிப்பதில்லை. நான் மோட்டார் சர்வேயராகப் பல வருடம் வேலை பார்த்தவன், வக்கீல் இல்லை. சேதத்தைப் பார்ப்பதும், கம்பெனி ஒரு ஃபைலை எப்படிப் படிக்கும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தீர்ப்புகளை என் வேலைக்குத் தேவைப்பட்ட அளவுக்குப் படித்திருக்கிறேன். விவகாரம் கோர்ட் வரை போனால் விபத்து வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 56 போக்குவரத்து வாகனங்களுக்கானது, அதாவது டாக்ஸி, லாரி, பஸ் போன்ற வாடகை வண்டிகளுக்கு. தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம், பிரிவு 39-ன் (பதிவு இல்லாத வண்டியை ஓட்டக் கூடாது என்கிற பிரிவு) நோக்கத்துக்கு முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகக் கருதப்படாது என்கிறது அந்தப் பிரிவு. புது வண்டிக்கு 2 வருடம், பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம் எஃப்சி எடுக்க வேண்டும். விபத்து நடந்த தேதியில் எஃப்சி இருந்ததா என்பதுதான் பார்க்கப்படும். மறுநாளே போய் எடுத்துவிட்டாலும் நடந்து முடிந்த விபத்துக்கு அது உதவாது.

வெள்ளை போர்டு வைத்திருப்பவர்களும் இதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்காக இடையில் ஒன்று சொல்கிறேன். சொந்தக் காருக்கு முதல் 15 வருடம் இந்த மாதிரி எஃப்சி சோதனையே கிடையாது. புகைச் சான்று முடிந்திருந்தால் கிளெய்ம் வராது என்று வாட்ஸப்பில் சுற்றுவதும் தவறு. அதை மட்டும் காரணமாக வைத்து கிளெய்மை மறுக்க முடியாது என்று 2020 ஆகஸ்டில் இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால் 15 வருடம் முடிந்த சொந்தக் காரை ஆர்டிஓவில் காட்டிப் புதுப்பிக்காமல் ஓட்டுவது வேறு. அதையும் நம் ஊரில் எஃப்சி என்றுதான் சொல்கிறோம், ஆனால் அங்கே காலாவதி ஆவது ஆர்சியே. அந்த நிலையில் இடித்துக்கொண்டு வந்தால், கீழே நான் சொல்லப்போகும் தீர்ப்புகள் உங்கள் அண்ணனைவிட அவர்களுக்குத்தான் நேராகப் பொருந்தும்.

சரி, முதல் கணக்குக்கு வருவோம். கம்பெனி எப்படி யோசிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பதில் சொல்ல முடியும். அவர்கள் கையில் வைத்திருப்பது 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன நரிந்தர் சிங் எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் தீர்ப்பு. புது வண்டி, தற்காலிகப் பதிவு முடிந்து ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து விபத்து, நிரந்தரப் பதிவு எடுக்கவே இல்லை. பதிவு இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவது குற்றம் மட்டுமல்ல, பாலிசி நிபந்தனையின் அடிப்படையான மீறலும்கூட என்று சொல்லி, சொந்தச் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று முடித்துவிட்டார்கள். 2021-ல் சுஷில் குமார் கோதாரா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே விபத்துகூட இல்லை. தற்காலிகப் பதிவு முடிந்த பொலேரோவை ஜோத்பூரில் விடுதி வாசலில் நிறுத்தியிருந்தபோது திருடிவிட்டார்கள். அதற்கும் பணம் இல்லை. கம்பெனி இவற்றைப் பிரிவு 56-உடன் கோக்கும்: எஃப்சி இல்லை என்றால் பதிவு இல்லை, பதிவு இல்லை என்றால் கிளெய்ம் இல்லை. உங்கள் ஏஜென்ட் "ஒரு பைசா வராது" என்று சொன்னதற்கு இதுதான் அடிப்படை. அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை.

ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. அந்த இரண்டு வண்டிகளுக்கும் நிரந்தரப் பதிவு எண்ணே கிடையாது. உங்கள் அண்ணன் வண்டிக்கு எண் இருக்கிறது, வரி கட்டியிருக்கிறார், பர்மிட் இருக்கிறது, அந்த எண்ணுக்குத்தான் கம்பெனியே பாலிசி கொடுத்து பிரீமியம் வாங்கியது. அடுத்து, சொந்தச் சேதத்தைப் பொறுத்தவரை பாலிசி ஓர் ஒப்பந்தம். வணிக வாகனப் பாலிசியின் வழக்கமான வாசகத்தில் பர்மிட் பற்றி நேரடியாக எழுதியிருக்கும். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் இருக்கும். எஃப்சி என்று பெயர் சொல்லி நிபந்தனை இருக்கிறதா என்பதை உங்கள் பாலிசியில் நீங்களே தேடிப் பார்க்க வேண்டும். ஷெட்யூல் என்று வரும் முதல் இரண்டு பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள், பின்னால் வரும் நிபந்தனைப் பக்கங்களைக் கேட்டு வாங்குங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் உங்கள் நிலை பலவீனம். இல்லையென்றால் வாதாட இடம் இருக்கிறது.

நடைமுறையில் இந்த மாதிரி ஃபைல்கள் முடிகிற இடம் பெரும்பாலும் நடுவில் இருக்கிறது. நான்-ஸ்டாண்டர்டு செட்டில்மென்ட் என்பார்கள். நிபந்தனை மீறல் இருக்கிறது, ஆனால் அது சேதத்துக்குக் காரணம் இல்லை என்றால், ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கொடுத்து முடிப்பது. இது கம்பெனி போடும் பிச்சை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 2008-ல் நிதின் கண்டேல்வால் வழக்கிலும் 2010-ல் அமலேந்து சாஹூ வழக்கிலும் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட வழி. அவை சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டிய வழக்குகள், எஃப்சி வழக்குகள் இல்லை. அதனால் உங்கள் விஷயத்துக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எஃப்சி முடிந்த வண்டிகளில் நுகர்வோர் ஆணையங்களின் உத்தரவுகள் இரண்டு பக்கமும் வந்திருக்கின்றன: சிலவற்றில் 75 சதவீதம், சிலவற்றில் ஒன்றுமில்லை. என் கணிப்பைக் கேட்டால், முழுத் தொகையை எதிர்பார்க்காதீர்கள், 75 சதவீதத்தைக் குறிவைத்துப் போராடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள், இது ஒர்க்‌ஷாப் பில்லில் 75 சதவீதம் இல்லை. பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம், உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கு ஏற்ப, அதன்பின் பாலிசியில் சொன்ன கட்டாயப் பிடித்தம், எல்லாம் போக மிஞ்சுவதில்தான் 75. பில் 1,80,000 ரூபாய் வந்து, கழிவுகள் போக 1,20,000 நின்றால், கைக்கு வருவது 90,000.

அந்த 75 சதவீதத்தை வாங்கித் தரப்போவது ஒரே ஒரு விஷயம்: வண்டியின் கோளாறால் விபத்து நடக்கவில்லை என்பதற்கான ஆதாரம். பைக்காரருக்குக் காயம் என்பதால் எஃப்ஐஆர் போட்டிருப்பார்கள். அப்படியென்றால் மோட்டார் வாகன ஆய்வாளர், நம் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர், வந்து வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதுவார்: விபத்து இயந்திரக் கோளாறால் நிகழவில்லை. எஃப்சி இல்லாத வண்டிக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெறும் என்பதைப் பல ஃபைல்களில் பார்த்திருக்கிறேன். எஃப்சி என்பது வண்டி சாலைக்கு லாயக்கு என்று அரசு கொடுக்கும் சான்று. அதைக் கொடுக்கும் அதே துறையின் ஆய்வாளர் விபத்துக்குப் பிறகு பார்த்து "கோளாறு இல்லை" என்று எழுதிவிட்டால், கம்பெனி நியாயம் பேசுவது கஷ்டம். நகலை ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ கேட்டு வாங்குங்கள். சில ரிப்போர்ட்டில் "சேதத்தால் பிரேக்கைச் சோதிக்க இயலவில்லை" என்று இருக்கும். உங்களுடையதில் பின்பக்கம்தான் அதிகம் நொறுங்கியது என்றால் பிரேக்கைச் சோதித்திருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனாலும் படித்துப் பாருங்கள்.

பின்னாலிருந்து இடித்த வழக்குகளில் இன்னொன்று வரும். லாரிக்காரர் "பிரேக் லைட் எரியவே இல்லை, வண்டிக்கு எஃப்சியும் இல்லை" என்பார். எஃப்சி இல்லாதது அவர் பேச்சுக்குப் பலம் சேர்த்துவிடும். அதனால் உடைந்த டெயில் லைட்டை ஒர்க்‌ஷாப்பில் குப்பையில் போட விடாதீர்கள். அதில் ஃபிலமென்ட் பல்பு இருந்தால் ரொம்ப நல்லது. மோதும் நேரத்தில் பல்பு எரிந்துகொண்டிருந்தால் சூட்டில் இளகிய ஃபிலமென்ட் இழுபட்டு நீண்டு போயிருக்கும். எரியாமல் இருந்தால் அப்படியே இருக்கும், அல்லது பட்டென்று ஒடிந்திருக்கும். அனுபவமுள்ள சர்வேயர் அதை லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். எல்இடி என்றால் இந்த வழி இல்லை. டாஷ்கேம், பின்னால் வந்தவர்களின் சாட்சி, டோல்கேட் கேமரா என்று தேட வேண்டும். டயரின் பட்டன் ஆழம் தெரிகிற மாதிரி நாலு டயரையும், பிரேக் பேடையும் போட்டோ எடுத்து வையுங்கள். கடைசியாக சர்வீஸ் விட்ட ஜாப் கார்டு இருந்தால் எடுத்து வையுங்கள். எஃப்சி முடிவதற்கு முன்பே ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி, தேதி கிடைக்காமல் இருந்திருந்தால் அந்த ரசீதும் வேண்டும். ரசீது எஃப்சி ஆகிவிடாது, ஆனால் அலட்சியமாக இருந்தவர் இல்லை என்று காட்டும்.

கிளெய்ம் ஃபாரத்தில் எஃப்சி கேள்வி இருந்தால் உண்மையான தேதியை எழுதுங்கள். "விபத்துத் தேதியை மாற்றிக்கொள்ளலாம், எஃப்சி எடுத்துவிட்டு அப்புறம் தெரிவிக்கலாம்" என்று யாராவது நல்ல மனதோடு யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். எஃப்சி எந்தத் தேதி வரை என்பது அரசின் வாகன் இணையதளத்தில் இருக்கிறது, எம்பரிவாகன் ஆப்பில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எஃப்ஐஆரில் விபத்துத் தேதி இருக்கிறது. எஃப்சி இல்லாதது வெறும் நிபந்தனை மீறலோடு நின்றுபோகலாம், தேதியை மாற்றினால் அது மோசடி. அதன்பிறகு 75 சதவீதத்துக்கு வழியே இல்லை. இன்னும் சர்வே முடியவில்லை என்றால் வண்டியைப் பிரிக்கவும் விடாதீர்கள்.

இரண்டாவது கணக்கை உங்களிடம் யாருமே சொல்லவில்லை போலிருக்கிறது. தப்பு லாரியுடையது என்றால், காருக்கான சேதத்தை லாரி உரிமையாளரிடமும் அவர் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். ஆள் அடிபட்டால்தான் அங்கே போக முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். பொருள் சேதத்துக்கும் போகலாம். அந்த லாரியின் கம்பெனிக்கு உங்கள் அண்ணன் மூன்றாம் நபர். அவருக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒப்பந்தமே இல்லாதபோது, அவர் நிபந்தனையை மீறினார் என்று அவர்கள் சொல்ல முடியாது. பிரேக் லைட் மாதிரி ஏதாவது காட்டி, விபத்தில் இவருக்கும் பங்கு உண்டு என்று வேண்டுமானால் வாதிடலாம். வணிக வாகனப் பாலிசியில் மூன்றாம் நபர் பொருள் சேதத்துக்கு வழக்கமான வரம்பு 7.5 லட்சம் ரூபாய். பிரீமியம் குறைக்க அதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொண்ட பாலிசிகளும் உண்டு. அப்படி இருந்தால் மீதியை லாரி உரிமையாளரிடம்தான் வசூலிக்க வேண்டும். அதனால் லாரியின் பாலிசி நகலைப் போலீஸ் மூலம் சீக்கிரம் வாங்கிப் பாருங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் மனு போட விபத்திலிருந்து 6 மாதம் என்ற கெடு திரும்ப வந்திருக்கிறது. கம்பெனியோடு மெயில் போட்டுக்கொண்டே அந்த 6 மாதத்தைக் கழித்துவிடாதீர்கள். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் முழுப் பணமும் வாங்க முடியாது; உங்கள் கம்பெனி கொடுக்காமல் விட்டதை இங்கே கேட்கலாம். வண்டி ஓடாத நாட்களின் வருமான இழப்பையும் கேட்கலாம்தான், ஆனால் எஃப்சி இல்லாத டாக்ஸி சட்டப்படி ஓடியிருக்கவே கூடாது என்ற பதில் வரும். அந்தத் தொகையை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

மூன்றாவது கணக்கில்தான் எனக்குக் கவலை அதிகம். பைக்காரர் வழக்குப் போடும்போது லாரியையும் உங்கள் காரையும் சேர்த்தே போடுவார். கார் தள்ளப்பட்டுத்தான் இடித்தது, தப்பு முழுக்க லாரியுடையது என்று நிரூபித்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் கொஞ்சமாவது பொறுப்பு உங்கள் அண்ணன் பக்கம் வந்தால், எஃப்சி மறுபடி தலைதூக்கும். பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கிடைக்காமல் போகாது என்பது ஏறக்குறைய நிச்சயம். இதைப் பற்றிப் பேசுவது மோட்டார் வாகனச் சட்டத்தில் முன்பு பிரிவு 149, இப்போது 150. மூன்றாம் நபருக்கு எதிராகக் கம்பெனி எந்தெந்தக் காரணங்களைச் சொல்லலாம் என்று அதில் பட்டியல் இருக்கிறது. எஃப்சி அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. கேள்வி, கொடுத்த பணத்தைக் கம்பெனி திரும்ப உங்கள் அண்ணனிடம் வசூலிக்கலாமா என்பது. 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் லைசென்ஸ் மீறலைப் பற்றிப் பேசும்போது, அந்த மீறல் விபத்துக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்றது. 2018-ல் அம்ரித் பால் சிங் வழக்கில் பர்மிட் இல்லாத வண்டிக்கு, கம்பெனி கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. அதே வருடம் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, பரீத் பிள்ளை வழக்கில், எஃப்சி இல்லாததும் அடிப்படை மீறல்தான் என்று முடிவு செய்தது. கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டுத் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் கம்பெனி வக்கீல் அதை நிச்சயம் எடுத்து நீட்டுவார். கால் முறிவுக்கான நஷ்டஈடு டிசையரின் பின்பக்கச் சேதத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். எனவே தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தால் "கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். எஃப்சி விஷயத்தில் கம்பெனி வக்கீல் உங்களுக்கு எதிர்ப்பக்கம். சொந்தமாக வக்கீல் வைத்து, பிரேக் இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட்டை உங்கள் தரப்பில் தாக்கல் செய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டவர்கள் பல வருடம் கழித்து வசூல் நோட்டீஸ் வந்த பிறகு அலைவதைப் பார்த்திருக்கிறேன். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள்.

கம்பெனி மறுத்தால் போனில் சொல்வதை ஏற்காதீர்கள். எந்த நிபந்தனை எண்ணின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம், 155255 எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் சரியான பதில் வரவில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே முழுத் தொகை கேட்டு மன்றாடுவதைவிட, முதலில் முழுத் தொகை, இல்லையென்றால் நான்-ஸ்டாண்டர்டு அடிப்படையில் 75 சதவீதம் என்று இரண்டையும் எழுதிக் கேளுங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்குக் கெடு 2 வருடம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருக்கும்போது ஆம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார், ஆகவே வரிசை முக்கியம்.

கடைசியாக, வண்டி ரெடியானதும் "ஒரே ஒரு சவாரி" என்றுகூட எடுக்க வேண்டாம். எஃப்சி எடுத்த பிறகுதான் ரோட்டில் ஓட வேண்டும். காட்டுவதற்கு முன் பின்பக்கப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, நம்பர் பிளேட் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒர்க்‌ஷாப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டெயில் லைட்டைப் புதிதாக மாற்றியிருப்பார்கள், வயரிங்கையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.